ஊர் ஏரியை ஊரே சேர்ந்து மீட்டு நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஏரி வறண்டு கிடந்தால் ஊரில் முதலில் எழும் பேச்சு தூர்வாரலாம் என்பதுதான். பொக்லைன் வந்து இறங்கும், மண் அள்ளும், டிராக்டர்கள் வரிசையாகப் போகும். அடுத்த மழையில் பக்கத்து ஊர் ஏரி கலிங்கு (நிரம்பிய ஏரியின் மிகுதி நீர் வழியும் இடம்) தாண்டும். இந்த ஏரி பாதிகூட நிரம்பாது. பெரும்பாலும் தண்ணீர் வரும் வழி அடைபட்டுக் கிடந்திருக்கும். அதை யாரும் நடந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு வகைத் தோல்வியும் உண்டு. ஏரி நன்றாக நிரம்பிவிடும். மடையை (ஏரி நீரை வயலுக்கு விடும் கதவு) யார் திறப்பது, யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று முடிவு செய்திருக்க மாட்டார்கள். தை பிறக்கும் முன்பே, தண்ணீர் முதலில் சேரும் மேல்மடைக்காரரும் கடைசியில் சேரும் கடைமடைக்காரரும் பேசிக்கொள்ளாமல் போய்விடுவார்கள்.

இரண்டையும் தவிர்க்கலாம், வேலைகளைச் சரியான வரிசையில் செய்தால். இங்கே சொல்வது தமிழ்நாட்டில் மழையை நம்பி இருக்கும் ஏரி, கண்மாய், குளங்களுக்கு. எளிதாக இருக்க ஏரி என்றே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் மண்வேலை முடிய வேண்டுமென்றால் அனுமதிகள் மே, ஜூனுக்குள் கையில் வேண்டும். அதற்குக் கிராம சபைத் தீர்மானம் மார்ச் 22 கூட்டத்திலாவது நிறைவேற வேண்டும். தீர்மானத்துக்கு முன்பே ஆவணங்களும் அளவுகளும் தயாராக இருக்க வேண்டும். ஆகவே உண்மையான தொடக்கம் அதற்கு முந்தைய நவம்பர். மழை பெய்துகொண்டிருக்கும்போதுதான் தண்ணீர் எங்கே தடைபடுகிறது என்று கண்ணால் பார்க்க முடியும்.

பலரும் ஏப்ரலில் ஆர்வம் வந்து மே மாதம் பொக்லைன் தேடுகிறார்கள். அந்த அவசரத்தில் விடுபடுவது ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்தான்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 30 மீட்டர் நாடா, மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவல், கடப்பாரை, மண்வெட்டி, நடந்த பாதையைப் பதிவு செய்யும் செயலி உள்ள ஒரு கைப்பேசி, தடிமனான ஒரு நோட்டு. இவை போதும். நோட்டு ஒருவர் வீட்டில் முடங்காமல் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும்.

1. ஏரி யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொதுவான விதி இது. ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏரி நீர்வளத் துறையின் கீழ் வரும். அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. முதல் வகைக்குப் பகுதி உதவிப் பொறியாளரையும், இரண்டாவதற்கு வட்டார வளர்ச்சி அலுவலரையும் பார்க்க வேண்டும். அலுவலகம் தவறினால் மனு மேசை மாறி மாறிப் போய்ப் பருவமே கழிந்துவிடும்.

அடுத்து ஆவணங்கள். கிராம வரைபடம், சர்வே எண் வாரியாக நில விவரம் உள்ள அ பதிவேட்டின் நகல், ஏரிக்கும் வரத்துக்காலுக்கும் உரிய சர்வே எண்களின் புல வரைபடம் ஆகிய மூன்றும் அவசியம். அ பதிவேட்டு விவரமும் புல வரைபடமும் வருவாய்த் துறை இணையதளத்தில் கிடைக்கும். கிராம வரைபடத்துக்கு வி.ஏ.ஓ.வை அணுகுங்கள். ஏரி நீர்வளத் துறையுடையது என்றால் அதன் பழைய குறிப்பேட்டில் கொள்ளளவு, முழுக்கொள்ளளவு மட்டம், மடைகளின் எண்ணிக்கை, கலிங்கின் நீளம் எல்லாம் இருக்கும். கேட்டுத் தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு கொடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

இங்கே ஒரு கவனம். வரத்துக்கால் முழுவதும் வாய்க்கால் புறம்போக்காக இருக்கும் என்று நினைக்காதீர்கள். சில இடங்களில் அது பட்டா நிலத்தின் வழியே காலங்காலமாக ஓடும் ஓடையாக இருக்கும். அந்தத் துண்டுகளைத் தனி நிறத்தில் குறியுங்கள். அங்கே நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் ஒரு மண்வெட்டிகூடப் போட முடியாது.

2. கூட்டம் போடும் முன் வீடு வீடாகப் போங்கள்

நேரடியாகக் கூட்டம் போட்டால் வழக்கமாகப் பேசுகிறவர்கள்தான் பேசுவார்கள். ஆயக்கட்டில் நிலம் உள்ள ஆண்கள் முன்வரிசையில் இருப்பார்கள். முடிவு அவர்களுடையதாகவே அமையும். மற்றவர்கள் வேலைக்கு வர மாட்டார்கள். அதில் குற்றம் சொல்லவும் முடியாது.

ஏரியோடு தொடர்புள்ளவர்களைப் பட்டியலிடுங்கள். மேல்மடை, நடுமடை, கடைமடை விவசாயிகள். சொந்தக் கிணறு உள்ளவர்கள், இல்லாதவர்கள். குத்தகைக்கு உழுகிறவர்கள். ஆடு மாடு வளர்ப்பவர்கள். மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுப்பவர். துணி துவைக்கவும் குளிக்கவும் ஏரிக்கு வருகிறவர்கள். ஏரியின் கசிவால் ஊறும் குடிநீர்க் கிணற்றை நம்பி இருக்கும் தெருக்கள். மடை திறந்து தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டியாக இருந்த முதியவர் ஒருவராவது ஊரில் இருப்பார். அவரைக் கட்டாயம் பாருங்கள். எந்த மடையில் எவ்வளவு தண்ணீர் போகும், எந்த இடத்தில் கரை கசியும் என்பது எந்தக் கோப்பிலும் இல்லாத அளவு அவருக்குத் தெரியும்.

பெண்களைத் தனியாக ஒருமுறை சந்தியுங்கள், அவர்களுக்கு வசதியான நேரத்தில். அடிபம்பு எந்த மாதத்தில் காற்று தள்ளும், எந்தக் கிணற்றில் உப்பு ஏறியிருக்கிறது என்று துல்லியமாகச் சொல்வது அவர்கள்தான். பொதுக்கூட்டத்தில் பின்னால் உட்கார வைத்துவிட்டு "பெண்களும் கலந்துகொண்டார்கள்" என்று எழுதுவது பங்கேற்பு ஆகாது.

கூட்டம் எங்கே என்பதும் முக்கியம். ஊரில் ஒரு தெருவைச் சேர்ந்தவர்கள் உள்ளே வரத் தயங்கும் கோயில் மண்டபத்திலோ, ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ வைக்காதீர்கள். பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், ஏரிக்கரை என்று எல்லோரும் சமமாக நிற்கக்கூடிய இடம் வேண்டும். சாதியின் பெயரால் ஒரு பகுதியை விட்டுவிட்டு நடத்தும் ஏரிச் சங்கம் வெளிப்பார்வைக்கு ஒழுங்காகத் தெரியலாம். ஆனால் அது ஊர்ச் சங்கம் அல்ல. முதல் தகராறிலேயே பிளந்தும் போகும்.

3. வரத்துக்காலை முழுவதும் நடந்து பாருங்கள்

வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஏரிக்குள் தண்ணீர் நுழையும் பக்கமான உள்வாயில் தொடங்கி, தண்ணீர் வரும் திசைக்கு எதிராக, மேலே உள்ள ஏரியின் கலிங்கு வரை அல்லது நீர்ப்பிடிப்புப் பகுதி முடியும் வரை நடக்க வேண்டும். நல்ல மழை பெய்த மறுநாள் சிறந்தது. நீர்க்கட்டி, இரண்டு மூன்று மடைக்காரர்கள், ஒரு ஆடு மேய்ப்பவர், புல வரைபடம் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞர் என்று குழு சிறியதாக இருக்கட்டும். பெரிய கூட்டமாகப் போனால் மேலூர்க்காரர்கள் சண்டைக்கு வருவதாக நினைத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு தடையிலும் நின்று எழுதுங்கள்: இடம், என்ன தடை, யாரால் நீக்க முடியும். பொதுவாகக் கண்ணில் படுபவை இவை.

சாலைக்கு அடியில் போட்ட குழாய்ப் பாலம் வாய்க்காலின் தரைமட்டத்தைவிட உயரமாக இருக்கும். தண்ணீர் இந்தப் பக்கம் தேங்கி நிற்கும், அந்தப் பக்கம் போகாது. டியூப் லெவல் வைத்து இருபக்க மட்டத்தையும் அளந்து எழுதினால்தான் பொறியாளரிடம் பேச முடியும். "பாலம் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள்.

வயலுக்கு வண்டி போக வாய்க்காலில் மண் கொட்டி ஒரு வழி போட்டிருப்பார்கள். கெட்ட எண்ணம் இருக்காது. அறுவடை நேரத்தில் போட்டது அப்படியே நின்றிருக்கும். போதுமான அகலத்தில் இரண்டு குழாய் வைத்துக் கொடுத்தால் பிரச்சினை முடிந்தது.

சீமைக்கருவேலம் வாய்க்கால் முழுக்க அடைத்திருக்கும். தரையை ஒட்டி வெட்டினால் போதாது. தூர் இருந்தால் மறுபடி துளிர்த்துவிடும். வேரோடு பெயர்க்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். செலவு மதிப்பீட்டில் அது தனி வரி.

வாய்க்காலில் குப்பை, கட்டட இடிபாடு, கழிவுநீர் கலந்தால் அதையும் எழுதுங்கள். கழிவுநீர் கலக்கும் வாய்க்காலைத் தூர்வாரினால் ஏரிக்குச் சாக்கடையைத்தான் கூட்டிக்கொண்டு வருவோம். முதலில் அதைத் திருப்ப வழி பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஆக்கிரமிப்பு. இதை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது: வசதிக்காகப் போட்ட வழியும் குழாயும், வரப்பை நகர்த்திச் சேர்த்துக்கொண்ட பயிர்நிலம், குடியிருக்கும் வீடு. முதல் வகையைப் பேசியே தீர்க்கலாம். இரண்டாவதைச் சர்வேயர் அளந்து கல் நட்டால் பாதிப் பேர் தாங்களே விலகுவார்கள். மூன்றாவதில் ஊர்க்குழு கை வைக்கக் கூடாது. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் அளவீடு, அறிவிப்பு, அகற்றல் எல்லாவற்றையும் அதிகாரிகளிடம்தான் கொடுத்திருக்கிறது. வேறு போக்கிடம் இல்லாமல் வாய்க்கால் ஓரம் குடிசை போட்டவர்களுக்கு மாற்று மனை கேட்டுத் தருவதையும் அதே மனுவில் சேருங்கள். அவர்களும் உங்கள் ஊர்தான்.

இந்த நடை முடிந்ததும் மேலூர், கீழூர் இரண்டுடனும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். தமிழ்நாட்டு ஏரிகள் பெரும்பாலும் சங்கிலியாக அமைந்தவை. ஒன்றின் கலிங்கு நீர் அடுத்ததின் வரத்து. மேலூர் கலிங்கில் மணல்மூட்டை அடுக்கியிருந்தால் உங்கள் ஏரிக்குத் தண்ணீர் தாமதமாகும். உங்கள் கலிங்கை நீங்கள் உயர்த்தினால் உள்வாயில் இருக்கும் அவர்கள் நிலம் மூழ்கும். பேச்சின் முடிவை இரு ஊர் கையெழுத்துடன் எழுதி வையுங்கள்.

4. ஏரியை அளந்து எழுதுங்கள்

கரையின் நீளம், கசியும் இடங்கள், எலி வளைகள், கரை தாழ்ந்த இடங்கள். கலிங்கின் மட்டம், அதில் உடைப்பு. ஒவ்வொரு மடையின் அடிமட்டம், கதவு மூடுகிறதா, திறக்கிறதா. இவ்வளவும் ஒரே பகலில் எழுதிவிடலாம்.

வண்டல் எவ்வளவு என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஏரி வற்றியபின் கரை ஓரம், நடு, உள்வாய் என்று பல இடங்களில் சோதனைக் குழி தோண்டுங்கள். மேலே கறுத்த வண்டல், அதற்குக் கீழே நிறம் மாறிய பழைய தரை தெரியும். அந்தப் பழைய தரை வரை மட்டும்தான் தூர்வார வேண்டும். சில ஏரிகளில் வண்டல் ஒரு முழம்கூட இருக்காது. அங்கே தூர்வாரலுக்குச் செலவழிக்கும் பணத்தை அப்படியே வாய்க்காலுக்குத் திருப்பிவிடலாம். இது தெரிந்தாலே பாதி லாபம்.

தோராயக் கொள்ளளவுக்கு ஒரு எளிய கணக்கு: முழுக்க நிரம்பியபோது நீர் பரவும் பரப்பு × அதிக ஆழம் × 0.4. பரப்பு 40 ஹெக்டேர், அதாவது 4 லட்சம் சதுர மீட்டர், ஆழம் 2.5 மீட்டர் என்றால் கொள்ளளவு சுமார் 4 லட்சம் கன மீட்டர். அதிகாரிகள் மில்லியன் கன அடியில் பேசுவார்கள். ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 28,300 கன மீட்டர். அப்படியானால் இது 14 மில்லியன் கன அடி ஏரி.

மடைச் சுவரில் அடிமட்டத்திலிருந்து பத்து பத்து சென்டிமீட்டராகப் பெயின்ட்டில் அளவுகோல் வரைந்துவிடுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் அதுதான் அடிப்படை. பாதி உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் பாதி ஏரி இருக்கிறது என்று எண்ணுவது பெரிய தவறு. ஏரி கிண்ணம் மாதிரி. பாதி உயரத்தில் பெரும்பாலும் கால் பங்கு தண்ணீர்தான் இருக்கும்.

5. குழுவும் தீர்மானமும்

இப்போதுதான் பொதுக்கூட்டம். கையில் வரைபடம், தடைகளின் பட்டியல், குழி ஆழம் எல்லாம் இருப்பதால் பேச்சு நேராக வேலைக்கு வரும். வெறுங்கையோடு கூடினால் பழைய பகைதான் பேச்சாகும்.

குழுவில் ஒவ்வொரு மடைக்கும் ஒருவர், கடைமடைக்கு இரண்டு பேர், நிலமில்லாதவர்களிலிருந்தும் கால்நடை வளர்ப்பவர்களிலிருந்தும் ஆட்கள், பெண்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. கடைமடைக்கு ஏன் கூடுதல்? தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அவர்கள் வயல். கடைசி வயலுக்குப் போய்ச் சேர்ந்த தண்ணீர் வழியில் எல்லோரையும் தொட்டுத்தான் போயிருக்கும். ஆகவே பொருளாளராகக் கடைமடைக்காரரை வைப்பதை நான் எப்போதும் பரிந்துரைப்பேன்.

ஊராட்சித் தலைவர், கட்சிப் பொறுப்பாளர்கள் ஆதரவு தேவை. அவர்களையே குழுத் தலைவராக்க வேண்டாம். பதவி மாறும்போது குழுவும் கலைந்துவிடும்.

பணம் வாங்கிச் செலவிடப் பதிவு அவசியம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் 7 பேர் சேர்ந்து பதிவு செய்யலாம். வங்கிக் கணக்கு இரண்டு கையெழுத்தில் இயங்கட்டும். வரவு செலவை மாதம் ஒருமுறை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். சந்தேகம் எழும் முன்பே கணக்கைக் காட்டுங்கள். எழுந்தபின் எவ்வளவு காட்டினாலும் எடுபடாது.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். "ஏரியைச் சீரமைக்க வேண்டும்" என்ற ஒற்றை வரி உதவாது. ஏரியின் பெயர், சர்வே எண், வரத்துக்காலின் சர்வே எண்கள், செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக, குழுவின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்து, நகல் வாங்கிய பிறகே எழுந்திருங்கள்.

6. அனுமதியும் பணமும்

ஏரி அரசுடையது. எழுத்து அனுமதி இல்லாமல் கரையைத் தொடுவதும் மண் அள்ளுவதும் குற்றமாகிவிடும், நல்ல நோக்கமே என்றாலும். தீர்மான நகல், தடைகளின் பட்டியல், படங்கள் ஆகியவற்றுடன் உரிய பொறியாளரிடம் மனு கொடுத்து, வேலையை அவர் மேற்பார்வையில் செய்வதாக எழுதிக் கேளுங்கள்.

வண்டல் எடுக்க 1959-ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகளில் வழி இருக்கிறது. அரசு அறிவித்த ஏரிகளிலிருந்து விவசாயிகள் வயலுக்குக் கட்டணமின்றி வண்டல் எடுக்கலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர், வீட்டுத் தேவைக்கு 30 கன மீட்டர் வரை. 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. உங்கள் ஏரி மாவட்ட அறிவிப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்த வாய்ப்பைச் சரியாகப் பயன்படுத்தினால் தூர்வாரும் செலவின் பெரும்பகுதி ஊரின் தலையில் விழாது. விவசாயி தன் வயலுக்குத் தானே டிராக்டர் வைத்து ஓட்டிக்கொள்வார். ஆனால் யார் எங்கே, எவ்வளவு ஆழம் எடுக்கலாம் என்று குழு கொடி நட்டு எல்லை காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆளாளுக்குத் தோண்டி ஏரி குழி குழியாகிவிடும். மண் வெளியூருக்கு விற்பனையானால் அன்றே வேலையை நிறுத்துங்கள். ஊரின் நம்பிக்கை அந்த லாரியோடு போய்விடும்.

மற்ற பணத்துக்கு வழிகள் பல: ஊராட்சி நிதி, ஊரக வேலைத் திட்டம், நமக்கு நாமே திட்டம், ஊர்ப் பங்களிப்பு. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் தர வேண்டும் என்பதே பொது விதி. முழுப் பணமும் வெளியிலிருந்தே வந்தால்கூட, வீட்டுக்கு ஒரு சிறு தொகையோ ஒரு நாள் உழைப்போ வாங்குங்கள். தன் கையால் போட்ட வேலையைக் கேள்வி கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் வரும்.

7. வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்

முதலில் வரத்துக்கால், ஏரியின் வாயிலிருந்து மேலே. பாதியில் பணமோ பருவமோ தீர்ந்தாலும் திறந்த அளவுக்குப் பயன் உண்டு. மேலிருந்து தொடங்கிப் பாதியில் நின்றால் தண்ணீர் நடுவழியில் யாரோ வயலில் ஏறும்.

இரண்டாவது கலிங்கு. அது உடைந்திருந்தால் வந்த தண்ணீர் நிற்காது. அடைபட்டிருந்தால் பெருமழையில் கரை உடையும். கலிங்குக்குக் கீழே நீர் போகும் வழியையும் சுத்தம் செய்யுங்கள். மறந்துபோகும் வேலை அது.

மூன்றாவது மடை. கதவு, தூம்பு (கரைக்கு அடியில் தண்ணீர் போகும் வழி), அதைத் தொட்டு ஓடும் பாசன வாய்க்கால். நான்காவது கரை. கரைக்கு மண் போடும்போது அடுக்கடுக்காகப் போட்டு, ஈரமாக்கி, இறுக்க வேண்டும். தளதளவென்று கொட்டிய மண் முதல் மழையிலேயே கரைந்து ஏரிக்குள் இறங்கும். ஏரியில் எடுத்த வண்டலைக் கரைக்குப் போடாதீர்கள். அது இளகும் மண். எந்த மண் ஏற்றது என்று பொறியாளர் சொல்லட்டும்.

கடைசியில் தூர்வாரல். மூன்று கட்டுப்பாடுகள். கரையின் அடியை ஒட்டித் தோண்டக் கூடாது. கரையின் கால் பலவீனமாகிச் சரியும். விட வேண்டிய தூரத்தைப் பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள். அடுத்து, மடையின் அடிமட்டத்துக்குக் கீழே ஆழமாக்கினால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. கால்நடைக்கும் மீனுக்கும் ஊற்றுக்கும் உதவும், அவ்வளவுதான். எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்து ஒரு பகுதியில் மட்டும் செய்யுங்கள். மூன்றாவதாக, வண்டலுக்கு அடியில் உள்ள இறுகிய களித் தரையை உடைத்தால் சில ஏரிகளில் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும்.

8. தண்ணீர்க் கணக்கும் முறையும்

ஏரி நிரம்பியபின் பேசினால் தாமதம். யாருக்கு எப்போது தண்ணீர் என்ற முறையை வறண்ட காலத்தில், யாருக்கும் அவசரம் இல்லாதபோது எழுத வேண்டும்.

ஆண்டில் இரண்டு கூட்டம் போதும். ஒன்று செப்டம்பரில், விதைப்புக்கு முன். குறிப்பிட்ட தேதிக்குள் அளவுகோலில் குறிப்பிட்ட மட்டம் வராவிட்டால் எந்த மடைக்கு மட்டும் நெல், மற்றவர்களுக்கு என்ன பயிர் என்று அப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டாவது, மழை ஓய்ந்தபின் ஜனவரியில், மிச்சத் தண்ணீருக்கு.

கணக்கு கடினமில்லை. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நிறுத்த சுமார் 4 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். நெல்லுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர், நிலக்கடலைக்கு 500, உளுந்துக்கு 300 என்று வைத்துக்கொள்ளலாம். ஜனவரியில் ஏரியில் 1.5 லட்சம் கன மீட்டர் இருக்கிறது. ஆவியாவதற்கும் கசிவுக்கும் மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 1 லட்சம் மீதி. நெல் போட்டால் 20 ஏக்கர். கடலை என்றால் 49 ஏக்கர். உளுந்து என்றால் 80 ஏக்கருக்கு மேல். இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு அமைதியாக இருங்கள். ஊரே பேசி முடிவுக்கு வரும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

கழிவு மூன்றில் ஒரு பங்கு என்பது தொடக்கத்துக்கான ஊகம். மடை மூடியிருக்கும் நாட்களில் அளவுகோல் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்தால், அடுத்த ஆண்டு உங்கள் ஏரிக்கே உரிய எண் கிடைத்துவிடும்.

முறை வைக்கும்போது நேரத்தை ஏக்கர் கணக்கில் பிரியுங்கள். கடைமடையிலிருந்து தொடங்குவது நல்லது. மடைத் திறப்பு முழுக்க நீர்க்கட்டி ஒருவர் பொறுப்பு. விவசாயி யாரும் கதவைத் தொடக் கூடாது. நீர்க்கட்டிக்கு ஊதியம் ஏக்கர் வரியிலிருந்து நேரத்துக்குப் போக வேண்டும். ஊதியம் நின்ற மாதத்தில் முறையும் நிற்கும். நீர்க்கட்டி ஆயக்கட்டில் நிலம் இல்லாதவராக இருப்பது முன்பு பல ஊர்களில் இருந்த வழக்கம். அதில் நியாயம் இருக்கிறது, அவருக்குத் தன் வயல் என்று சாய்வு இருக்காது. ஆனால் வேலையைப் பரம்பரைக் கடமையாக ஒரு குடும்பத்தின் மேல் சுமத்தாமல், விரும்பி வருபவரை நல்ல சம்பளத்தில் வையுங்கள்.

9. கிணறுகளையும் சேர்த்துப் பாருங்கள்

ஆயக்கட்டில் கிணறும் போர்வெல்லும் பெருகியபின் வசதியானவர்களுக்கு ஏரி மேல் அக்கறை குறைந்துவிடுகிறது. அவர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் கிணற்று மட்டத்தை அளந்து காட்டுங்கள்.

ஊரில் பரவலாகச் சில கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, கைப்பிடிச் சுவரில் ஒரு புள்ளி குறித்து, எப்போதும் அதிலிருந்தே நாடாவில் எடை கட்டி இறக்கி அளக்க வேண்டும். விடியற்காலையில், மோட்டார் போடும் முன். மாதம் ஒருமுறை போதும். மே, ஜனவரி அளவுகளை மட்டும் எப்படியும் தவறவிடாதீர்கள். பள்ளி மாணவர்கள் இதை அழகாகச் செய்கிறார்கள். ஏரி நிரம்பிய ஆண்டுக்கும் நிரம்பாத ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம் பலகையில் தெரிந்தபின் கிணற்றுக்காரர்கள் பங்குத்தொகையோடு வருவார்கள்.

சில ஊர்களில் மடையை நிரந்தரமாக மூடி, ஏரியைக் கிணறுகளுக்கு ஊற்றாக மட்டும் வைத்திருக்கிறார்கள். அதில் பயன் உண்டு. ஆனால் கிணறு இல்லாதவரின் பாசன உரிமை அப்படியே பறிபோகும். கிணறு உள்ளவர் அவருக்குத் தண்ணீர் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் அந்த முடிவுக்குப் போகாதீர்கள்.

10. ஆண்டுதோறும்

ஆகஸ்டில் வரத்துக்கால் நடை, செப்டம்பரில் சுத்தம் செய்யும் வேலை, மழைக்காலத்தில் கரையில் இரவுக் காவல், பொங்கலுக்குப் பின் கணக்கு. நடை நின்றால் இரண்டே ஆண்டில் கருவேலம் மறுபடி வாய்க்காலை மூடிவிடும்.

பராமரிப்புப் பணத்துக்கு ஏக்கர் வரியும், ஏரியின் மீன்பாசி, மர ஏலத்தில் ஒரு பங்கும் வழக்கமான வழிகள். ஏல வருமானம் அரசுக்கோ ஊராட்சிக்கோ உரியது என்பதால் அதில் பங்கு கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். தானாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். மீன் ஏலம் விடும்போது, எந்த மட்டத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கினாலும் குத்தகைதாரர் மடை திறப்பைத் தடுக்க முடியாது என்றும், மீன் பிடிக்க ஏரியை வடிக்கக் கூடாது என்றும் நிபந்தனையில் எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் சண்டை வந்த ஊர்கள் நிறைய.

தகராறுக்குத் தனி வழி வேண்டும். முறை மீறினால் முதல் முறை எச்சரிக்கை, அடுத்து அபராதம், அதற்குப் பிறகு அடுத்த முறையில் நேரக் குறைப்பு என்று வரிசையாக முன்பே எழுதி, குழு உறுப்பினருக்கும் அதே விதி என்று சேருங்கள். விசாரிக்கும் மூவரில் ஒருவர் ஆயக்கட்டுக்கு வெளியே இருந்து வரட்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அபராதத் தொகை சிறியதாக இருப்பதே நல்லது; பெரிய தொகையை யாரும் கட்ட மாட்டார்கள், கட்டாத அபராதம் விதியையே செல்லாததாக்கிவிடும். வசூலான பணத்துக்கு ரசீது கொடுத்து, நீர்க்கட்டி சம்பளக் கணக்கிலேயே சேருங்கள்.